இன்ஜின் ஓடும்போதே அமுக்கிப் பார்

நம்ம வண்டி ரேஸ் செக்கிங்கில் பாஸ் ஆகிவிட்டது, முதல் அமுக்கிலேயே இன்ஜின் பொட்டென்று நின்று, பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்து, செக்கிங் அண்ணன் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கரை அறைந்து ஒட்டி, பாஸ்!

முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். வண்டியின் பின்பக்கம், நம்பர் பிளேட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைப் பீங்கான் குமிழில், அவருடைய கட்டைவிரல் கறை கறுப்பாக அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் துடைக்க மனம் வரவில்லை. சாரம் ஏரியாவில் உங்கள் வீட்டு மர பீரோவின் கீழ் டிராயரில் இருந்த குமிழ் அது. நீ கழற்றிக்கொண்டு வந்துவிட்டாய். உன் அம்மா அந்த டிராயரை இன்றைக்கும் கரண்டியால் நெம்பித்தான் திறக்கிறார்.

நீயும் நானும் பழகியதே ஒரு சூட்டுக் கொப்புளத்தால்தான். பெரிய மார்க்கெட் பக்கத்தில் நீ வேலை பார்த்த மருந்துக்கடையில் விரலைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றேன்.

"அடுப்புலயா?"

"இல்லக்கா. சால்டரிங் பண்ணும்போது."

"எதுக்கு சால்டரிங்?"

"ஸ்கூட்டி இண்டிகேட்டர் எரியல. போன்ல பாத்து நானே பண்ணேன்."

"அக்காவாம் அக்கா. உன்ன விட ஆறு மாசம்கூட பெரியவளா இருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே களிம்பு டப்பாவைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த சீட்டை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாய். அந்தச் சீட்டை யாராவது படிப்பார்களா? நீ படிப்பாய். எனக்குப் பின்னால் நின்ற இருவர் முணுமுணுத்தார்கள். நீ முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாய். "எங்க வீட்ல ஒரு கார் சும்மா நிக்குது. வந்து பாக்கறியா?"

தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்க்காரி நான். பைக் ஷோரூமில் பில் போடும் வேலை. காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் போனில் பார்த்தது. ஆனால் உங்கள் வாசலில் அந்த வண்டியைப் பார்த்ததும் கத்தியே விட்டேன். பெட்டி மாதிரி உடம்பு, பின்சக்கரம் இழுக்கிற பழைய கார்! "இது டிராக் ரேஸுக்குப் பொறந்த வண்டிடி!" என்றேன். "எங்கப்பா மீன் வாங்கப் போன வண்டிடி" என்றாய்.

நானூறு மீட்டர் நேர் ரோடு, இரண்டு வண்டி, யார் முதலில் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பதுதான் டிராக் ரேஸ். கிளம்பும்போது பின்சக்கரம் வழுக்காமல் ரோட்டைக் கவ்வ வேண்டும். முன்னால் இருக்கும் பேட்டரியைத் தூக்கி டிக்கியில் வைத்தால் அந்த எடை பின்சக்கரத்தின் மேல் போய் உட்காரும். நான் பார்த்த வீடியோக்களில் இது அரைமணி நேர வேலை. உன்னோடு செய்ததில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் ஞாயிறு, பைக்கில் சாமான் கட்டுகிற ரப்பர் கயிற்றால் பேட்டரியை டிக்கியில் இழுத்துக் கட்டிவிட்டு "முடிஞ்சிது" என்றேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"வண்டி எதுலயாவது இடிச்சா இது எங்க போவும்?"

"எங்க போவும்? இங்கயேதான் இருக்கும்."

"பதினாலு கிலோடி. உன் முதுகுக்குப் பின்னாடி ஒக்காந்திருக்கு."

அடுத்த வாரம் மூடி போட்ட பெட்டி வந்தது. தரையைத் துளைத்து, அடியில் இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட்டால் முடுக்கினோம். பேட்டரி விடுகிற காற்று நெருப்புப் பிடிக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, பெட்டியிலிருந்து வண்டிக்கு அடியில் ஒரு குழாயை இறக்கினாய். "ட்ரிப்ஸ் ஏத்தற மாரி இருக்குடி" என்றேன். பெட்ரோல் குழாய் இடப்பக்கம் ஓடியதால் தடித்த கேபிளை வலப்பக்கமாகவே கொண்டுபோனோம். தகரத்தைத் துளைத்துப் போகிற ஒவ்வொரு இடத்திலும் நீ ரப்பர் வளையம் போட்டாய். "தகரம் கேபிள அறுத்துச்சுனா நெருப்புதான்" என்று பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ் ஒன்றையும் வைத்தாய். ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால் போதும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த உன் அப்பா உள்ளேயிருந்து "அத்தான்சியோன்!" என்று கத்துவார். ஜாக்கிரதையாம். "நாங்க ஜாக்கிரதையாதான் கீழ போட்டோம் ப்பா!" என்று நீ பதிலுக்குக் கத்துவாய்.

பேட்டரி டிக்கியில் இருந்தால் வெளியிலிருந்து மொத்தக் கரண்டையும் நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று வண்டியின் பின்னால் இருக்க வேண்டும், இது ரேஸ் நடத்துகிறவர்களின் விதி. இழுத்தால் அணைகிற மாதிரி வைக்கலாம் என்றேன். "ஓடியாறவன் யோசிக்க மாட்டான்டி. கைய வெச்சிக் குத்துவான். அமுக்குனா அணையணும்" என்றாய். அப்படித்தான் டிராயர் குமிழ் வந்தது. அதிலிருந்து ஒரு கம்பி உள்ளே சுவிட்சுக்கு.

அந்த வயரிங்கை நான்தான் செய்தேன். நீ போனைப் பிடிக்க, நானே வீடியோவும் போட்டேன். ஹாரனை அடித்துக் காட்டினேன். குமிழை அமுக்கிவிட்டு மறுபடி அடித்தேன், சத்தமே இல்லை. "பாத்தீங்களா மக்களே, மொத்த வண்டியும் ஆஃப்!" அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து "அத்தான்சியோன்!" கேமராவுக்குப் பின்னால் நீ சிரித்துவிட்டாய். விக்கல் மாதிரி ஆரம்பித்து மூக்கால் முடிகிற சிரிப்பு. நான் அதை வெட்டவில்லை. வீடியோ ஓடியதே அதனால்தான். "அந்த சிரிக்கிற அக்கா யாரு?" என்று கேட்காதவர்கள் இல்லை.

வீடியோ போட்ட மூன்றாவது வாரம், சர்ச்சில் பூசை முடிந்து கோயில் சுடிதாரோடு நேராக வண்டிக்கு வந்தாய். விதிகள் இருந்த தாள்களை முழுவதும் படித்திருந்தாய். இன்ஜினை ஓடவிட்டு, "இப்ப அமுக்கு" என்றாய்.

அமுக்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை அமுக்கினேன். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

நான் வீடியோவில் இன்ஜின் ஓடாதபோது சோதித்திருந்தேன். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதுவே கரண்ட் தயாரித்துக் கொடுக்கும். பேட்டரியை மட்டும் வெட்டினால் வண்டி சட்டையே செய்யாது.

"பெட்ரோல் ஒழுகும்போது ஒருத்தன் இத அமுக்கிட்டு, எல்லாம் நின்னுடுச்சின்னு நம்புவான்டி. வீடியோவ எடுத்துடு."

"சரி பண்ணிட்டு ரெண்டாவது பார்ட் போட்டுக்கலாம். இப்பதான் ஏறுது."

"ஏறுறதாலதான் சொல்றேன்."

"மருந்துச் சீட்டு மாரி எல்லாத்தையும் படிச்சிட்டு வந்து நிக்காத."

"நீ படிக்க மாட்ட, அதான் நான் படிக்கறேன்."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது. "எடுத்துட்டியா?" நான் "ம்" என்று அனுப்பினேன். எடுக்கவில்லை. நீ வீட்டுக்கு வந்ததும் நேரில் திட்டு வாங்கிக்கொண்டு எடுக்கலாம் என்று இருந்தேன். நீ வரவில்லை.

அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. வீடியோ என் போனில் இருக்கிறது, அது எங்கேயும் போகாது. ஆனால் அதன் கீழே, உன்னைத் தெரியாத யாராவது வாரம் ஒருவர் வந்து "இவங்க சிரிப்ப கேக்கவே மறுபடி வந்தேன்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அங்கே மட்டும்தான் நீ போனது யாருக்கும் தெரியாது. அந்த இடத்தை எப்படி மூடுவேன்?

மழைக்காலம் முடிந்ததும் உன் அப்பா போன் செய்தார். "வண்டிய வந்து எடும்மா. நின்னா துருப் புடிச்சிடும். அவ வுட்ட வேலைய முடி." டிக்கியைத் திறந்தேன். ரப்பர், கிரீஸ், கொஞ்சம் உன் சர்ச் மெழுகுவத்தி வாசனை. ஓரத்தில் ஒரு வயர்ச் சுருள். நீ காய்ச்சலில் விழுவதற்கு முன்பே வாங்கி வைத்து, நுனிக்கு நுனி மருந்துக்கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாய். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டிருக்குமே, அதில் உன் கோழிக் கிறுக்கல். "ஆல்டர்னேட்டர்லேந்து தனியா இங்க வரணும்." "சுவிட்சுல பேட்டரி பக்கம் மாட்டு. வேற எங்கயும் மாட்டாத, லூசு." "இதுக்கும் ஃபியூஸ் உண்டு." கடைசி ஸ்டிக்கர் எந்த வயரிலும் இல்லை, பெட்டியின் மூடியில் இருந்தது. "இன்ஜின் ஓடும்போதே அமுக்கிப் பார்." மூன்று வேளைக்கும் டிக் அடித்திருந்தாய்.

நீ எழுதியபடியே மாட்டினேன், ஒன்றையும் மாற்றவில்லை. இப்போது குமிழை அமுக்கினால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் கரண்டும் ஒன்றாக நிற்கும். போன ஞாயிறு, பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடந்த ரேஸுக்குக் கொண்டுபோய், பாஸும் ஆனேன். குதித்தேன், தெரியுமா? எனக்கு அடுத்து நின்றவர் கடலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், இதே மாதிரி பழைய வண்டி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"தங்கச்சி, நீதான அந்தப் பேட்டரி வீடியோ? அதப் பாத்துதான் பண்ணோம், ஒரு நட்டுகூட மாத்தல. அந்தச் சிரிக்கற பொண்ணு வரலியா?"

"இல்லண்ணே" என்றேன்.

அதற்குள் செக்கிங் அண்ணன் அவர் வண்டியின் சுவிட்சை அமுக்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. "என்னா சார், நான் அமுக்கறேன், உள்ள பாட்டுகூட நிக்கல! ஓரமா எடுங்க."

"வீடியோல நின்னுச்சே!" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதுல இன்ஜின் ஓடலண்ணே. நான் பண்ணது தப்பு."

"எப்பத் தெரிஞ்சிது?"

"போட்ட மூணாவது வாரமே."

பின்சீட்டில் எலுமிச்சைச் சாதம் டப்பாவை மடியில் வைத்திருந்த அவர் மனைவி தலையை நீட்டினார். "தெரிஞ்சுமா வெச்சிருக்க? இந்த வண்டிலதான்மா எங்க மாமியார டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம்."

உன் குரலில் கேட்ட மாதிரியே இருந்தது.

அங்கேயே, நம்ம டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. கடைசியாக ஒருமுறை கீழே உருட்டி, உன் சிரிப்பைப் பற்றி எழுதியவர்களையெல்லாம் படித்தேன். பிறகு ஆமாம் என்று அமுக்கினேன். உன் சுருளில் மீந்திருந்த வயர் அந்த அண்ணன் வண்டிக்குச் சரியாக இருந்தது. வெயில் சாய்வதற்குள் அவரும் பாஸ். அவர் மனைவி எனக்கும் எலுமிச்சைச் சாதம் வைத்தார்.

ரேஸ் என்னாச்சு என்று கேட்பாய். தோற்றுவிட்டேன்டி. நான் கிளட்ச்சை விடுவதற்குள் பக்கத்து வண்டி பாதி தூரம் போய்விட்டது. பின்சக்கரம் மட்டும் வழுக்கவே இல்லை.

நீ பெட்டி மூடியில் ஒட்டிய ஸ்டிக்கர் இப்போது என் போன் கவருக்குள் இருக்கிறது. "ம்" என்று நான் அனுப்பிய பொய்யும் அதே போனில்தான் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன்.

இனி படிக்கிற உங்களுக்கு. என் பழைய வீடியோவைப் பார்த்து டிக்கியில் பேட்டரி மாட்டியவர்கள், இன்றைக்கே வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, சுவிட்சை அமுக்குங்கள். நின்றால் "நின்னுச்சு" என்று கீழே எழுதுங்கள். நிற்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள், என்னுடையதும் நிற்கவில்லை. பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதை அனுப்புங்கள். அந்தச் சிரிக்கிற அக்கா யாரென்று கேட்டவர்கள் எல்லோரும் இங்கே வந்து மறுபடி கேளுங்கள். இந்தமுறை ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வேன்.