நகல் குமாஸ்தா எழுதிய மகஜர்

ஆங்கிரச வருஷம், ஐப்பசி 16, செவ்வாய்

மூன்றாம் நாளாக மேகம் கட்டி நிற்கிறது. ஒரு சொட்டு இறங்கவில்லை. புழுக்கம். தாளில் மை காய மாட்டேனென்கிறது.

சர்க்கார் கச்சேரியில் பதினொரு நகல். கிரயப் பத்திரம் நான்கு, மீதி பட்டாவும் உத்தரவும். தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் ஒன்றைத் திருப்பியனுப்பினார். எழுத்தில் பிழை இல்லை. அடியில் இடது மூலையில் நான் போட வேண்டிய இனிஷியல் விட்டுப்போயிற்று. "எ. ரா.வை." எழுதியது ரா. வைத்தியலிங்கம். அவ்வளவுதான் சமாசாரம். அதற்கு எல்லோர் முன்னாலும், "பேர் போடாத நகல எவன் மதிப்பான் வைத்தியலிங்கம்? வயசாகிப்போச்சா?" இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அந்த மனிதர் ஸர்வீஸுக்கு வந்தபோது அவருக்கு ரூல் தடி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இனி ஒரு தாளில் விடப்போவதில்லை.

வாங்க: நிப்பு 6, விளக்குத் திரி, காமாட்சிக்குக் கண் மருந்து.

முப்பது வருஷம் பூர்த்தியாக இன்னும் ஒன்பது மாதம். ஆடியோடு சரி. பிறகு பென்ஷன்.

ஐப்பசி 17, புதன்

உத்தரவு வந்துவிட்டது. தலையாரி தமுக்கடித்துப் போனான். நஞ்சை புஞ்சைத் தீர்வை ஏறுகிறது. வீட்டு வரியும். சிப்பந்திகளுக்குச் சம்பளத்தில் வெட்டு. வரி ஏறினால் சம்பளமாவது மிஞ்ச வேண்டாமா? இரண்டையும் ஒரே காகிதத்தில் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி: பென்ஷன் விஷயம் பரிசீலனையில் உள்ளது.

பரிசீலனை. அந்த வார்த்தையை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். பரிசீலனைக்குப் போன எதுவும் முழுசாகத் திரும்பி வந்து பார்த்ததில்லை.

மத்தியானம் பழைய நகல் குமாஸ்தா வந்து கஜானா வாசலில் நின்றார். எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர். போன வருஷம் சந்தையில் வரிக்கு எதிராக நாலு வார்த்தை பேசினார். பென்ஷன் நின்றது. மாதம் பிறந்தால் இன்னும் வருகிறார், உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று. பென்ஷன் கூலி இல்லையாம், சர்க்கார் கருணையாம். நன்னடத்தை உள்ளவரைக்கும்தானாம். அவரை நிறுத்திய உத்தரவுக்கு நகல் எழுதியது நான்தான். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ராத்திரிக்குக் கஞ்சி.

ஐப்பசி 19, வெள்ளி

காலையிலேயே மச்சினன் பெரியண்ணன், காமாட்சியின் தம்பி, அன்னவாசல் பக்கமிருந்து. ஒரு சாக்கு கடலை கொண்டுவந்தான். விலைக்கு எடுக்க ஆளில்லையாம், அதனால் அக்காளுக்கு.

அவன் ஊரில் ஐந்து கிராமத்துக் குடிகள் சேர்ந்து திவானுக்கு மகஜர் கொடுக்கப் போகிறார்கள். தீர்வையைக் குறைக்கச் சொல்லி. நான் எழுதித்தர வேண்டும், என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்றான். முடியாது என்றேன். என் கையெழுத்து இந்தச் சீமையில் எல்லாக் காகிதக் கட்டிலும் இருக்கிறது, பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள் என்றேன். அவனுக்குக் கோபம்.

"எங்க வரிதான் அத்தான் ஒங்க சம்பளம். எங்களுக்கு ஒரு காயிதம் எழுத மட்டும் கை வரலையா?"

எனக்கும் கோபம் வந்தது. எங்கள் சம்பளத்தையும்தான் வெட்டுகிறார்கள், நீங்கள் கட்டுவது எங்கள் வீட்டுக்கா வருகிறது என்று கத்தினேன். ஒங்க சம்பளத்தை வெட்டியதில் எங்க வரி ஒரு காசு குறைந்ததா என்று அவன் கேட்டான். இலை போட்டிருந்தது, உட்காராமல் போய்விட்டான்.

மேகம் அப்படியே. காற்று இல்லை.

ஐப்பசி 21, ஞாயிறு

இதை எழுதலாமா என்று யோசித்தேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

ராமசாமி வீட்டில் கூடினோம். கணக்குப் பிரிவு ராமசாமி, இன்னும் ஆறு பேர், எல்லாம் கச்சேரி ஆட்கள். சம்பள வெட்டு கூடாது, பென்ஷனில் கை வைக்கக் கூடாது என்று ஒரு மகஜர். யார் பேரும் போடாமல். "சமஸ்தானத்து ஏழைச் சிப்பந்திகள்" என்று மட்டும். எழுத என்னைப் பிடித்தார்கள். மச்சினனுக்குச் சொன்னதையே சொன்னேன். எழுத்தை மாற்றி எழுதுங்கள் என்றார்கள். எனக்கு ஒன்பது மாதம்தான் பாக்கி என்றேன். ராமசாமி சொன்னான்: "அதனாலதான் ஒங்களக் கேக்கிறோம். பென்ஷன் போனா மொதல்ல போறது ஒங்களுது."

உட்கார்ந்தேன்.

எழுத்தைப் பின்பக்கம் சாய்த்து, கொம்பையெல்லாம் குட்டையாக்கி, பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுவது மாதிரி. மூன்று தாள். ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். முடித்ததும் தூக்கிக் காட்டினார்கள். நானே எழுதியது என்று எனக்கே தெரியவில்லை. கெட்டிக்காரன்தான் நான். வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி 22, திங்கள்

ராமசாமி லீவு. மாமியாருக்கு உடம்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் திருச்சி. இங்கே தபாலில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுக்கும். அங்கே போட்டுவிட்டுச் சாயந்தரமே திரும்பிவிட்டான்.

மனசு லேசு. கடலை வறுக்கச் சொன்னேன். காமாட்சி தம்பி கொண்டுவந்த சாக்கை அவிழ்த்து வறுத்து வைத்தாள்.

ஐப்பசி 24, புதன்

கடவுளே.

பதினொரு மணி சுமாருக்கு ஒரு பட்டா நகல் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரன் வரியைப் பற்றி ஏதோ சொல்ல, திரும்பிப் பதில் சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தேன். அடியில் இடது மூலையில் "எ. ரா.வை." மை இன்னும் ஈரம். நான் போட்ட ஞாபகமே இல்லை. கை தானாகப் போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றாம் தாளில்?

எழுத்தைச் சாய்த்தது ஞாபகம் இருக்கிறது. கடைசி வரி, "தங்கள் கருணையையே நம்பியிருக்கும்" என்பது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு பேனாவைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

ராமசாமியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "மடிச்சு ஒறையில போட்டேன். அடியில யாருங்க பாத்தா?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டது எதற்கு என்று அவனே புரிந்துகொண்டான். சாயந்தரம் என்னோடு சேர்ந்து நடந்து வரவில்லை.

காமாட்சியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள், கை நின்றது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எழுதுனதுதான் எழுதுனீங்க, அவனுக்கும் எழுதிக் குடுத்திருக்கலாம்ல" என்றாள்.

ஐப்பசி 26, வெள்ளி

கச்சேரி முற்றத்தில் லத்திகளுக்கு எண்ணெய் தடவிச் சுவரில் சாத்திக் காயவைத்திருக்கிறார்கள். நாளைச் சந்தையில் குடிகள் கூட்டம் என்று பேச்சு. பெரியண்ணன் போவான். போகாதே என்று சொல்லியனுப்ப எனக்கு முகம் ஏது.

சிரஸ்தார் இன்று ரொம்ப மரியாதை. "வாங்க, ஒக்காருங்க" என்கிறார். போன வாரம் வயசாகிப்போச்சா என்று கேட்டவர். ஸர்வீஸ் புஸ்தகத்தில் என் பக்கத்தை எடுத்துவரச் சொன்னாராம். டவாலிச் சேவகன் சொன்னான். பென்ஷன் கணக்குப் போடத்தான் இருக்கும் என்று அவனே சமாதானமும் சொன்னான். இருக்கலாம். ஒன்பது மாதம் முன்னாலேயே போடுவார்களா?

போட்டிருக்க மாட்டேன். எழுத்தையே மாற்றினவன் இனிஷியலையா போடுவேன். போட்டிருக்க மாட்டேன்.



ஐப்பசி 28, ஞாயிறு

கூட்டத்தில் அடி விழுந்ததாம். பெரியண்ணனுக்கு இடது முழங்கை. காமாட்சி விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டாள். வாரேன் என்று சொல்லவில்லை.

வீட்டில் தனியாக உட்கார்ந்து வெள்ளைத் தாள் எடுத்து, சாய்ந்த எழுத்தில் அந்த மகஜரை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். கடைசியில் கை என்ன செய்கிறது என்று பார்க்க. கண்ணை விலக்காமல் பார்த்துக்கொண்டே இருந்ததால் கை ஒன்றும் செய்யவில்லை. அன்று பார்த்துக்கொண்டிருந்தேனா?

தாளை அடுப்பில் போட்டேன்.

ஐப்பசி 29, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லாமல் போய் நனைந்தேன்.

மேஜையில் ஒரு கட்டு தயாராக இருந்தது. மேலே சிரஸ்தார் கையெழுத்தில் "அவசரம். ரகசியம். நகல் 2." நாடாவை அவிழ்த்தேன். சாய்ந்த எழுத்து. குட்டைக் கொம்பு. மூன்று தாள். மூன்றாவதைத் திருப்பினேன்.

இருந்தது. இடது மூலையில், அது மட்டும் சாயாமல், அழகாக, என் சொந்த எழுத்தில். சுற்றிலும் சிவப்புப் பென்சில் வட்டம்.

யாரும் தலை நிமிரவில்லை. ராமசாமி மேஜை காலி. சிரஸ்தார் தானே எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"மெதுவா எழுதுங்க, அவசரமில்ல. ஒண்ணு திவானுக்கு, ஒண்ணு ஒங்க ஸர்வீஸ் புஸ்தகத்துக்கு. அடியில மறக்காமப் போட்ருங்க."

மூன்று மணி வரை எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை. இரண்டிலும் அடியில் போட்டேன்.