மேம்பாலத்தில் தட்டிய இஞ்சின்

தி. நகர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கார் மட்டும் சுகமில்லாமல் கிடந்து இப்போதுதான் தேறியிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வடபழனி முருகன் துணையிருப்பான். நீ நல்ல செய்தி சொன்ன அன்று நான் சரி, அம்மாகிட்ட தரேன் என்று போனைக் கைமாற்றிவிட்டதில் நீ அழுதாயாம். அப்பாவுக்கு என் கல்யாணத்துக் கோபம் இன்னும் தீரவில்லை, பிரசவத்துக்கு அங்கே வரமாட்டேன் என்றாயாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் காரிலிருந்து தொடங்க வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படி.

போன மாதம் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நம் மெக்கானிக் அக்பர் பாஷா ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து, நாக் சென்சார் கோளாறு என்று காட்டுகிறது என்றான். பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்தால் இஞ்சின் தட்டுமாம், அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிற கருவியாம் அது. கருவி கெட்டிருக்கலாம், வயர் போயிருக்கலாம், நிஜமாகவே இஞ்சின் தட்டலாம், மேடு ஏறும்போது சத்தம் வருதா சார் என்று கேட்டான். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா, ஒரு சத்தமும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவனும் என் பேச்சை நம்பி வயரைச் சோதித்தான், சென்சாரையே மாற்றினான். மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. டூப்ளிகேட்டைப் போட்டுவிட்டாய் என்று அவன் கடைவாசலில் நின்று கத்தினேன், பாவம். சரி வா சார் என்று அவனே காரில் ஏறிக்கொண்டான். நான் ஓட்டுகிற லட்சணத்துக்கு ஆட்டோவே மேல் என்று ஒரு வருஷமாக என்னோடு ஏறாத அம்மாவும் வேடிக்கை பார்க்கப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். உஸ்மான் ரோடு மேம்பாலம் ஏறியதும் அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். இன்னா சார், இவ்ளோ சத்தம் போடுது, கேக்கலியா என்றான். டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறதே என்றாள் அம்மா. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இஞ்சினுக்குள் கரி படிந்திருந்ததாம், சுத்தம் செய்ததும் விளக்கு அணைந்துவிட்டது. மறுநாளே அம்மா என்னை நந்தனத்தில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துப்போனாள், இரண்டு காதும் பாதிக்குமேல் போய்விட்டது என்றார்.

கீர்த்தி, அன்று நீ சொன்னது என் காதில் விழவே இல்லை. ரொம்ப நாளாகவே போனில் உன் குரல் வருகிறது, வார்த்தை வருவதில்லை. செவிடு என்று ஒத்துக்கொள்ள ரோஷம், அதனால்தான் சரி சரி என்று அம்மாவிடம் தள்ளிவிடுவேன். நீ என்ன சொன்னாய் என்று பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது, அப்போதும் வாய் திறக்கவில்லை. கல்யாணக் கோபமெல்லாம் உன் கழுத்தில் தாலி ஏறிய மூன்றாம் நாளே போய்விட்டது, அதைச் சொல்லவும் எனக்குத் துப்பில்லை. இப்போது காதில் மெஷின் மாட்டியிருக்கிறேன். மிக்ஸி சத்தம், பக்கத்து வீட்டுச் சண்டை, அம்மா என்னைப் பற்றி முணுமுணுப்பது எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, படி இறங்கும்போது பார்த்து இறங்கு. நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்குப் போன் போடு. போட்டு, எனக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்தச் செய்தியை நீயே ஒருதடவை சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
அய்யாதுரை