பெயர் அழிந்த எண்கள்

3 பிப்ரவரி 2012
குழாயில் கசிவு பார்க்கும் புது லீக் டெஸ்ட் மெஷினை மேனேஜர் வரதராஜன் சார் என் தலையில் கட்டிவிட்டார். பழைய மெஷினின் புரோகிராம் C மொழியில். புதியது C++ மட்டுமே கேட்கும். "ரெண்டும் அண்ணன் தம்பிதானேம்மா, மாத்திடு." பங்காளிகள் என்று சொல்லியிருக்கலாம்.

6 பிப்ரவரி
C-யில் எண்ணுக்கு முன்னால் அதன் பெயரை எழுதலாம்: கசிவு எல்லை 8, காத்திருப்பு 5 நொடி. பெயர் இருப்பதால் முன்பின்னாக எழுதினாலும் குழப்பமில்லை. C++ அந்தப் பெயர்களை ஏற்கவில்லை, வரிக்கு வரி திட்டியது. பெயர்களை அழித்து எண்களை மட்டும் விட்டேன். திட்டு நின்றது. அலுப்பு.

14 பிப்ரவரி
அந்த மெஷினில் குழாய் மாட்டும் ஆபரேட்டர், என் அறைத்தோழி பேச்சி. ரிஜெக்ட் குவிகிறது, வேலையும் மெதுவாம். ரிஜெக்ட் அதிகமானால் காலை மீட்டிங்கில் ரிஜெக்ட் ஆன குழாயைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும், எங்கள் லைன் வழக்கம். இன்று பேச்சி நின்றாள். சூப்பர்வைசர் ராஜாமணி, "இன்னாம்மா, தூங்கிகினே மாட்டறியா?" என்றார்.

அறைக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. "ஒழுங்காத்தான் மாட்டுதேன்க்கா. மெஷின்தான் விடமாட்டேங்கு." நிதானமாக மாட்டு என்று நானும் புத்தி சொன்னேன்.

17 பிப்ரவரி
இன்றும் நின்றாள். இப்படியே போனால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களாம்.

21 பிப்ரவரி
ரிஜெக்ட் குழாய்களைப் பழைய மெஷினில் போட்டேன். எல்லாம் பாஸ்!

உட்கார்ந்து பார்த்தேன். நான் எழுதிய வரியில் கசிவு எல்லை முதலில். ஆனால் புரோகிராமின் தொடக்கத்தில் அறிவித்த வரிசையில் காத்திருப்புதான் முதலில். C பெயரைப் பார்த்துச் சரியாக எடுத்துக்கொண்டது. பெயர் போனதும் C++ வரிசையை மட்டும் பார்த்தது. எட்டு நொடி காத்திருந்து, கசிவு ஐந்தைத் தாண்டினாலே ரிஜெக்ட். நல்ல குழாய் எப்படித் தேறும்? ஐயோ, அவளைப் போய் நிதானமா மாட்டுன்னு சொன்னேனே—

திருத்திவிட்டேன். சாரிடம் சொன்னேன். "சரி பண்ணிட்ட இல்ல? வுடும்மா, வெளிய சொல்லாத."

22 பிப்ரவரி
காலை மீட்டிங். ராஜாமணி கூப்பிடும் முன்னே ரிஜெக்ட் போடும் சிவப்புத் தொட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"மேடம், நீங்க இன்னாத்துக்கு?"

"பேச்சி சரியாத்தான் மாட்டினா. புரோகிராம்ல நம்பரை மாத்தி வச்சது நான்."

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சி இன்று லீவு.

2 மார்ச்
ரிஜெக்ட் இல்லை. பேச்சியும் இனி இல்லை. அன்று லீவு போட்டது இன்டர்வியூவுக்காம். சுங்குவார்சத்திரத்தில் வேலை கிடைத்துவிட்டது, அங்கேயே ஹாஸ்டல். துணிகளை மடித்தபடி, "லேகாக்கா, முன்னால நின்னியளாமே," என்றாள்.

தலையாட்டினேன்.

"நான் பாக்காமப் போய்ட்டேனே."

சிரித்தாளா, குத்தினாளா? கேட்கத் தெம்பில்லை. பஸ் ஸ்டாப் வரை அவள் பையை நான்தான் தூக்கி வந்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.