ஒன்பதரை மணி அழைப்பு

2025 மார்ச் 28, வெள்ளி

ஒன்பதரைக்குப் பங்குச் சந்தை திறந்த கையோடு கெலிஓயாவிலிருந்து வழக்கமான அழைப்பு. ஸெய்னுலாப்தீன் முதலாளி. நோன்பில் குரல் வறண்டிருந்தது. அங்கே கார்மெண்ட் மிச்சத் துணி விற்கிற கடை அவருக்கு. பெருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு என்னிடம் பங்கு விலை கேட்கிறார். பத்திரிகையின் பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது. கைப்பேசியில் பார்க்கவும் பழகவில்லை. கண்டியில் இந்தத் தரகர் அலுவலகத்தில் குந்தியிருக்கிற நான்தான் அவருக்குக் கண்ணாடி.

நான் வேறு அழைப்பில் இருந்தால் பக்கத்து மேசைத் தினுஷன் எடுப்பான். "சொல்லுங்க ஹாஜியார்" என்பான். கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர் யாரென்றாலும் அவனுக்கு ஹாஜியார்தான். இவர் விடமாட்டார். "ஹஜ்ஜுக்கு இன்னும் போகல்ல தம்பி. போய்ட்டு வந்த பொறகு அப்படிக் கூப்புடுங்க." உடனே அவன் சிரித்துக்கொண்டு "சரி முதலாளி" என்று மாற்றிக்கொள்வான். இது வருடக்கணக்காக நடக்கிற கூத்து.

அடுத்த வருடம் மனைவி ஆஸியா உம்மாவோடு ஹஜ்ஜுக்குப் போகத்தான் அவர் வைத்திருக்கிற அந்த ஒரே கம்பனிப் பங்கு. ஆடை ஏற்றுமதி. இன்று நாற்பத்திரண்டு ரூபாய். ஐம்பதைத் தொட்டால் இரண்டு பேருக்கும் செலவு சரி.

ஏப்ரல் 3, வியாழன்

அமெரிக்கா நம் பொருட்களுக்கு நாற்பத்துநான்கு வீதம் வரி போடுகிறதாம். ஆடைக் கம்பனி எல்லாம் சிவப்பு. உலகம் முழுக்க மந்தம் வரலாம் என்று கொழும்பு அலுவலகம் அறிக்கை அனுப்பியிருக்கிறது.

"பெக்டரி எல்லாம் மூடிருவாங்களாமே மகள்?" என்றார் முதலாளி. கடைக்குத் துணியும் அங்கிருந்துதான், காசும் அங்கேதான். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

ஏப்ரல் 7, திங்கள்

விழுந்த வேகத்தில் சந்தையையே அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் எல்லா மேசையிலும் தொலைபேசி.

"ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல பொறுங்க எண்டீங்க. பொறுத்தேன். பாதி போச்சி. இப்ப என்ன செல்றீங்க மகள்?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். விற்காதீங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கடன் இல்லாத கம்பனி, தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவையும் பிழையாகிப் போனால்? "உங்க விருப்பம் முதலாளி" என்றேன். என்னைப் போலப் பயந்தாங்கொள்ளி உண்டா?

"அப்ப எல்லாத்தையும் வித்துருங்க."

விதிப்படி அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்தினேன். அழைப்பெல்லாம் பதிவாகும். முப்பத்தொன்றுக்குப் போனது.

ஏப்ரல் 8

சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

வரியைத் தொண்ணூறு நாள் தள்ளிவைத்துவிட்டார்கள். மூன்றே நாள்! பங்கு முப்பத்தாறு. இவர்கள் அங்கே நினைத்தபடி ஒன்று சொல்வதும் மாற்றுவதும், இங்கே கெலிஓயாவில் ஒருவர் அள்ளிக் கொடுத்துவிட்டு நிற்பதும்.

"ஏறிட்டா மகள்?"

"இல்ல முதலாளி. முப்பதுலதான் நிக்கிது."

எங்கிருந்து வந்தது இது?

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல நேரம் கழட்டிட்டோம். ஆஸியாட்ட செல்றேன், அவ மூணு நாளா அழுதுட்டிரிக்கா."

ஒரு அழுகை நின்றதே. அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

புத்தரின் பல்லைப் பார்க்கும் தலதா தரிசனத்துக்கு வந்த சனத்தில் கண்டியே அடைத்துக் கிடக்கிறது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து நடந்துதான் வேலைக்குப் போனேன். பிந்திப் போனால் அழைப்பு தப்பும் என்று ஒரு நப்பாசை. கதிரையில் உட்கார முன்னமே வந்தது. "முப்பது" என்றேன். திரையில் முப்பத்தொன்பது.

மே 21, புதன்

நாற்பத்தாறு. நான் சொன்னது இருபத்தொன்பது. தினுஷன் திரும்பிப் பார்த்தான். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். இந்த நாளைக்கு ஒரு மாதமாக நடக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

இஸ்ரேல் ஈரானை அடித்திருக்கிறது. எண்ணெய் விலை எகிற, நம் சந்தை சரிந்தது. முதலாளி இன்று முதலில் விலை கேட்கவில்லை. மகன் அரூஸ் டோஹாவில்; அவனோடு பேசிவிட்டாராம், பயமில்லை என்கிறானாம். கடைசியில்தான் சந்தைப் பேச்சுக்கு வந்தார். "சண்டை நீண்டா இங்க இன்னும் விழுமா மகள்?"

"விழலாம் முதலாளி."

இரண்டு மாதத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை.

ஜூன் 16, திங்கள்

ஒன்பதரைக்கே அழைப்பு.

"மகள், எல்லாரும் பயந்து விக்கிற நேரம் நாம வாங்குவோம். நீங்க சொன்ன இருபத்தொம்பது இப்ப இருபத்தேழுக்காவது வந்திரிக்கும். வித்த காசு அப்படியே இரிக்கி, பங்கு கூட வரும். நாப்பத்தஞ்சு வந்தா போதும், ரெண்டு பேரும் போயிரலாம். இருபத்தேழுக்குப் போடுங்க."

திரும்பச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். எதைச் சொல்வது?

"முதலாளி... நாப்பத்திமூணுல நிக்கிது."

"வெள்ளிக்கிழமைக்குப் பொறகா ஏறினிச்சி?"

"இல்ல. ஏப்ரல்லயே ஏறிட்டுது. நான்தான் உங்ககிட்ட குறைச்சுக் குறைச்சுச் சொன்னேன். நீங்க கவலைப்படுவீங்கன்னு."

கடையில் யாரோ சாரம் விலை கேட்கும் சத்தம் கேட்டது.

"ஆஸியாட்ட நான் இப்ப என்னத்த செல்ற?" என்றார். வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 17

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுத்தில் எச்சரிக்கை. வேலை இருக்கிறது. இருந்து என்ன?

ஜூன் 25, புதன்

சண்டை நின்றுவிட்டது. திரை முழுக்கப் பச்சை. ஒன்பதரைக்கு என் தொலைபேசி அடிக்கவில்லை, ஒரு வாரமாகவே.

ஜூலை 2, புதன்

ஒன்பதரைக்குத் தினுஷனின் மேசையில் அடித்தது. "சொல்லுங்க ஹாஜியார்" என்றான். கெலிஓயா இலக்கம்.

பேனாவைக் கீழே வைத்தேன். ஹஜ்ஜுக்கு இன்னும் போகல்ல என்று இப்போது திருத்துவார், இவன் சிரித்துக்கொண்டு "சரி முதலாளி" என்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்பத்தொண்ணு, ஹாஜியார்" என்றான் தினுஷன். "ஆமா, இன்னும் ஏறும் போல. இல்லையா, வாங்கலையா? சும்மா கேட்டீங்களா? சரி ஹாஜியார். வைக்கிறேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"எதப் பத்தி?" என்றான் அவன்.