பையில் எழுதிய பெயர்

அன்புக் கணவருக்கு, நீங்களும் நம் குட்டி மகிழினியும் நலம்தானே? புனேயில் நானும் நலம்.

இங்கே ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு வேடிக்கை. வீரிய மக்காச்சோளத்துக்காக இரண்டு ரகங்களைக் கலக்கிறோம். மகரந்தம் தூவிய கதிரைக் காகிதப் பையால் மூடி, எதோடு எதைச் சேர்த்தோம் என்று அதன்மேல் எழுத வேண்டும். நேற்று என் மேலதிகாரி, நம் ஊர்க்காரரான ராமநாதன் சார் ஒரு பையைப் பார்த்து, "மகிழினியா? இது என்ன ரகம்மா, நல்லா விளையுமா?" என்று சிரித்தார். எழுத்து என்னுடையதுதான். எப்போது எழுதினேன், எந்த மகரந்தம் தூவினேன், ஒன்றும் நினைவில்லை. தாய் தகப்பன் தெரியாத கதிர் ஆராய்ச்சிக்கு ஆகாதாம். ஒடித்துப் போடச் சொன்னார்.

மகிழினிக்குச் செருப்பு வாங்கப் போனேன். அளவு கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை. பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்புங்கள். அவளை இங்கே அழைத்துக்கொள்ளவா, நானே வந்துவிடவா, நீங்களாவது சொல்லுங்கள்.

அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறாள். அந்தக் கதிரை இன்னும் ஒடிக்கவில்லை.

சுகந்தி