மஞ்சள் படிந்த பொட்டாசியம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால்வாசி நலம் என்பதுதான் சரியாக இருக்கும். வரிகள் சரிந்து ஓடுவதற்குக் காரணம் பின்னால் வருகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து வீட்டில் எங்கள் எல்லோருக்கும் அவன்தான் மேலதிகாரி. நீ ஞாயிற்றுக்கிழமை போனில், அடுத்த மாதம் உங்கள் லேபின் பழைய கிடங்கைக் காலி செய்யப் போவதாகவும், பல வருடமாக யாரும் தொடாத, உலோகம் போட்டு வைத்த பாட்டில்கள் உன் பொறுப்பு என்றும் சொன்னாய். "சோடியத்தையே வெண்ணெய் மாதிரி வெட்டினவம்மா நான், பொட்டாசியம் எனக்கு ஜுஜுபி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் பழைய பாட்டிலைத் தொடாதே என்று உடனே செய்தி அனுப்பினேன், "சரிங்க மேடம்" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த வெண்ணெய்க் கதையை உனக்குச் சொன்னதே நான்தான். பத்தாம் வகுப்பில் நீ தனிம அட்டவணையை விரித்து வைத்து அழுதபோது, முதல் நெடுவரிசையின் ஓரமாகச் சிவப்பு மையில் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டேன். கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும், கடைசிச் சுற்றில் இருக்கும் எலக்ட்ரான் கருவைவிட்டுத் தள்ளிப் போகும், பிடி தளரும், உலோகம் மென்மையாகும், தண்ணீரைக் கண்டால் லித்தியம் முணுமுணுக்கும், சோடியம் ஓடும், பொட்டாசியம் தீப்பிடிக்கும், இந்த ஓர் அம்பு புரிந்தால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றேன். "இவ்வளவுதானா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். இவ்வளவுதான் என்றேன். அந்த ஒரு சொல் இப்போது என்னை உட்காரவிடவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் இடது கையில் கொதிக்கிற எண்ணெய் பட்டுவிட்டது என்று சொன்னேனே, அது பொய். எங்கள் கல்லூரி லேபில், அலமாரியின் பின்வரிசையில் ஒரு பொட்டாசியம் பாட்டில் இருந்தது. எண்ணெய்க்குள்தான் கிடந்தது, ஆனாலும் மேலே மஞ்சளாக ஓர் ஓடு. சோடியத்தின் மேல் வெள்ளைத் தோல் படிந்தால் சீவிவிட்டு உள்ளே பளபளப்பதை எடுப்போம், இருபது வருடமாகக் கை பழகிய வேலை. அதே குடும்பம்தானே, இன்னும் மென்மையாகத்தானே இருக்கும் என்று கத்தியை வைத்தேன். வெடித்த சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. ஸ்டோர்காரர், நாம் சாவிக்கொத்து என்று கேலி செய்வோமே, அவர்தான் தீயில் மணலைக் கொட்டி என்னை வெளியே இழுத்துவந்தார். "ஏம்மா, எல்லாருக்கும் சட்டம் சொல்றவங்க நீங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமா" என்று அழாத குறையாகக் கேட்டார். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இனி மடங்காது என்கிறார் டாக்டர். தாளைப் பிடிக்க முடியாமல் அகராதியைத் தூக்கி மேலே வைத்து எழுதுகிறேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியது நான்.

அதற்குப் பிறகுதான் படித்துப் பார்த்தேன். காற்றோடு சேர்வதிலும் அதே அம்பு இருக்கிறது. லித்தியம் கொஞ்சம் ஆக்சிஜனோடு நின்றுவிடும், சோடியம் கூடுதலாக வாங்கும், பொட்டாசியம் அதற்கும் மேலே வாங்கி மஞ்சள் ஓடாகச் சேர்த்துவைத்துக்கொள்ளும். எண்ணெய்க்குள் இருந்தாலும் வருடக்கணக்கில் காற்று மெல்லப் புகுந்துவிடும். கத்தி அந்த மஞ்சள் படிவை உள்ளே இருக்கும் உலோகத்துக்குள் அழுத்தினால் போதும், வெடித்துவிடும். நான் உனக்குப் பாதி அம்புதான் வரைந்து கொடுத்திருக்கிறேன், அந்தப் பாதியை நம்பி நீ கத்தி எடுக்கப் போகிறாய்.

மஞ்சளோ ஆரஞ்சோ தெரிந்தால் மூடியைக்கூடத் திருகாதே, பாட்டிலை நகர்த்தாதே, இதை அப்புறப்படுத்தவென்றே பழகியவர்களை வரவழைக்கச் சொல். யாராவது கேலி செய்தால் எங்கள் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிவிடு. வெட்கப்பட்டுத்தான் மறைத்தேன், இனி ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ குறையொன்றும் இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். கிடங்கு வேலை முடிந்த அன்று சிரிப்புப் பொம்மை அனுப்பாதே. இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்து, யாரையாவது படம் எடுக்கச் சொல்லி அனுப்பு. நான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உன் அம்மா