ஈரக் கை

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை லீவு என்பதால் எங்கள் பீங்கான் ஷெட்டில் இன்றே ஆயுத பூஜை. துவாக்குடி முழுக்கச் சாம்பிராணிப் புகை. காலையிலிருந்து தரை கழுவி, மின்சூளைக் கதவைத் துடைத்து, மாவிலை கட்டியது எல்லாம் காளியாயி அக்கா. தேங்காய் உடைக்கிற நேரத்தில் அவர் வாசலுக்கு வெளியே நின்றார். யாரும் போகச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாகச் சொல்லத் தேவைப்படவில்லை.

முதலாளி முருகானந்தம் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "சூளை கண்ட்ரோலரைப் பாத்துக்கறது நீதானே பானு, நீயே பொட்டு வை."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல சார்."

"மிஷினுக்கு இருந்தாப் போதும்மா. வை."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீராகக் கரைத்திருந்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி, பட்டன், திரை என்று பார்க்காமல் அப்பினேன். வழிந்தது. வழியட்டும்.

அக்காவின் பொரிப் பொட்டலம் வாசலுக்குப் போனது.

அக்டோபர் 8, புதன்

மதியம் கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தது. கரண்ட் விட்டு வந்தால் கண்ட்ரோலர் அலாரம் அடித்துச் சூளையை நிறுத்தி வைக்கும். ரீசெட் பட்டனை அழுத்தி விட்டால் விட்ட இடத்திலிருந்து சூடேறும். அது ஆபரேட்டர் வேலை. எங்களுக்கு ஆபரேட்டர் கிடையாது. காளியாயி அக்காதான் அழுத்துவார், ஹெல்பர் என்ற பெயரில். பூஜைக்குப் பிறகு இன்றுதான் முதல் முறையாகக் கரண்ட் போனது. அவர் அழுத்தினார். அலாரம் நிற்கவில்லை. நான் அழுத்தினேன். ம்ஹும்.

சூளைக்குள் ஆறாயிரம் பீங்கான் மணிகள் அரைவேக்காட்டில். வெல்டிங்கில் சூடு கொடுக்கிற கம்பிகளில் கோக்கும் மணிகள். வெள்ளிக்கிழமை போக வேண்டிய ஆர்டர்.

"என்னதாம்மா ஆச்சு? டிப்ளமோ படிச்சிருக்கேல்ல, சொல்லு!" என்று முதலாளி கத்தினார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்ல வராது. "யாரோ ஈரக் கையோட அமுக்கியிருக்காங்க சார். உள்ள தண்ணி எறங்கியிருக்கும்" என்றேன்.

யாரோ. களிமண் தொட்டியிலிருந்து எழுந்துபோய் அந்தப் பட்டனை அழுத்துகிறவர் இந்த ஷெட்டில் ஒரே ஆள்தான்.

அக்டோபர் 9, வியாழன்

மெயினை அணைத்து அரை மணி நேரம் விட்டுப் போட்டேன். அதே அலாரம். ஃப்யூஸ் சரியாக இருக்கிறது. உள்வெப்பம் அளக்கிற சென்சாரை மாற்றினேன். பின்பக்க ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக இறுக்கினேன். ஹேர் டிரையர் வைத்துக் காய வைக்கலாம் என்று திறந்தால் காய வைக்க அங்கே ஈரமே இல்லை. ஒரு சொட்டு இல்லை. பார்த்தேன். பார்த்தும் பேசாமல் மூடினேன்.

மூன்று மணிக்கு முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "நாளைலேர்ந்து வர வேணாம்."

"நான் புடவையில கையத் தொடச்சிட்டுத்தாங்க அமுக்கினேன்."

"அப்ப என் மிஷின் தானா கெட்டுப்போச்சா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லேன்."

நான் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். இந்த வேலையோடு வருகிற இ.எஸ்.ஐ. கார்டில்தான் அது நடக்கிறது. எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

அக்டோபர் 10, வெள்ளி

ஆர்டர் போகவில்லை. அக்காவின் டிபன் கேரியர் இன்னும் ஜன்னலில் இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

கண்ட்ரோலர் கம்பெனியின் சர்வீஸ் ஆள் ஒருவழியாகப் போனில் கிடைத்தார். "பட்டன் ஏதாவது அமுங்கினபடியே இருக்கா பாருங்க மேடம். அமுக்கி விட்டாத்தான் அது எடுக்கும். அமுங்கியே கெடந்தா லாக் ஆயிடும்."

முன்மூடியைக் கழற்றினேன். ரீசெட் பட்டனைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. பட்டன் மயிரிழை அளவு உள்ளே சிக்கிக் கிடந்தது. பிளேடால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

பட்டன் டக்கென்று மேலே வந்தது. அழுத்தி விட்டேன். அலாரம் நின்றது. மூன்று நாளாக எதைத் தேடினேனோ அது நடந்தும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

எத்தனை பக்கம் இந்த நோட்டில் முதலாளியைத் திட்டி எழுதியிருக்கிறேன்! அவர் தேடியது தள்ளிவிட ஒரு ஆள். கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டியது யாரு? நான்தானே.

அக்டோபர் 12, ஞாயிறு

திருவெறும்பூருக்கு, அக்கா வீட்டுக்குப் போகவில்லை. முதலில் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு.

அக்டோபர் 13, திங்கள்

எல்லோர் முன்னாலும் சொன்னேன். "சந்தனம் சார். நான் அப்பினது. அக்கா மேல தப்பே இல்ல. அனுப்பறதுன்னா என்னைய அனுப்புங்க."

முதலாளி காகிதத்தில் நான் வைத்திருந்த பொடியைப் பார்த்தார். "பூஜைப் பொட்டால மிஷின் நின்னுச்சுன்னு வெளிய சொல்லி வைக்காதம்மா. அபசகுனம்."

"அக்காவைக் கூப்பிடுங்க சார்."

"காண்ட்ராக்ட்ல ரெண்டு பேர் வந்தாச்சே. வேணும்னா அவளையும் அதுலயே வரச் சொல்லு. புது ஆளா."

புது ஆள் என்றால் ஒன்பது வருடம் கிடையாது. அந்தக் காண்ட்ராக்டில் கார்டும் கிடையாது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. மூன்றரைக்குச் சூளையைப் போட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று போனேன், டிபன் கேரியரோடு. வீடு பூட்டியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. நாளை தீபாவளி. கேரியரை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஐப்பசி மாதம், காவேரியில் குளிக்க ஸ்ரீரங்கத்துக்கு ஊர் ஊராக வந்து இறங்குகிறார்கள். குளித்துவிட்டு ஈரத் துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். அம்மா மண்டபம் படித்துறையில் அதையெல்லாம் கழியால் இழுத்துப்போட ஆள் வைத்திருக்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றவர் திரும்பினார். காளியாயி அக்கா.

"பாப்பா! இங்கயா வீடு? மிஷினு சரியாயிடுச்சா?"

சொன்னேன். சந்தனம், யாரோ என்று நான் சொன்னது, ஈரமே இல்லாததைப் பார்த்தும் மூடியது, எல்லாம். அக்கா ஒரு வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"தொடச்சிட்டுத்தான் அமுக்கினேன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

"காண்ட்ராக்ட்ல வேணா வரச் சொன்னார்க்கா."

"அந்த வாசல்ல எத்தன வருசம் பாப்பா நிக்கறது?"

"அண்ணனுக்கு டயாலிசிஸ்?"

"கார்டு ஜூன் வரைக்கும் ஓடுமாம். ஆபீஸ்ல சொன்னாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜூனுக்குத்தான் இன்னும் நாள் இருக்கே" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

கடையில் டீ வாங்கி வந்து நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. முதலில் இரண்டு கையையும் புடவையில் துடைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.